வெயில் நாட்டில் வைட்டமின் டி குறைபாடு: கர்ப்பிணிகளுக்கு எவ்வளவு போதும்?

ஆண்டு முழுவதும் வெயில் காயும் சிங்கப்பூரில், வெயிலால் கிடைக்கவேண்டிய ஒரு சத்து கர்ப்பிணிகள் பலரிடம் குறைவாக இருப்பதை உள்ளூர் ஆய்வுகள் காட்டியுள்ளன. வைட்டமின் டிதான் அந்தச் சத்து. கர்ப்பகாலத்தில் அதை மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்விக்கு, 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மருத்துவ உலகின் இரண்டு முக்கிய அமைப்புகள் சில வார இடைவெளியில் இரு வேறு பதில்களைத் தந்தன.

செம்பவாங் போன்ற, இளம் குடும்பங்கள் அதிகம் வசிக்கும் வட்டாரங்களில் இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. மருத்துவர் எழுதித்தரும் கர்ப்பகால மாத்திரை ஒருபக்கம். மருந்துக்கடையில் அடுக்கிவைத்திருக்கும் டப்பாக்கள் ஒருபக்கம். தமிழகத்திலிருந்து வரும் உறவினர் பையில் கொண்டுவரும் ‘வாரம் ஒன்று’ மருந்து இன்னொருபக்கம். மூன்றிலும் வைட்டமின் டி இருக்கலாம். ஆனால், மூன்றின் அளவும் ஒன்றல்ல. எது தேவை, எது மிகை என்பதைக் கர்ப்பிணியும் குடும்பத்தாரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வெயில் இருந்தும் ஏன் குறைகிறது?

நம் உடலுக்குத் தேவையான வைட்டமின் டியின் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதில்லை. வெயிலில் உள்ள ‘யுவிபி’ எனும் புறஊதாக் கதிர் தோலில் படும்போது உடலே அதைத் தயாரித்துக்கொள்கிறது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் அந்தக் கதிருக்கு இங்கு எந்த மாதத்திலும் பஞ்சமில்லை. நாம் அதன் கண்ணில் படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

செம்பவாங்கில் வசித்து, நகரில் அலுவலக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். வீவக புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து கூரையிட்ட நடைபாதை, அங்கிருந்து எம்ஆர்டி, பிறகு குளிரூட்டப்பட்ட அலுவலகம். வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். கர்ப்பகாலப் பரிசோதனைக்குக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குச் செல்லும் நாளிலும், நியூட்டனில் ரயில் மாறி, அடுத்த நிலையமான லிட்டில் இந்தியாவில் இறங்கினால் சில நிமிட நடைதான். சன்னலோரம் அமர்ந்து வேலை செய்தாலும் பயனில்லை. கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும்; யுவிபி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

இதில் நம் சமூகத்துக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. தோலின் கருமைக்குக் காரணமான மெலனின், புறஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும் இயற்கைக் குடை. வெளிர்நிறத் தோல் சில நிமிடங்களில் தயாரிக்கும் அளவைத் தயாரிக்கக் கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். உடலை முழுதும் மறைக்கும் ஆடை, கூடுதல் உடல் எடை, ‘வெயிலில் போனால் கறுத்துவிடுவாய்’ என்ற பழைய எச்சரிக்கை எல்லாம் சேர்ந்து அந்த நேரத்தை இன்னும் நீட்டிக்கின்றன.

‘காலை இளவெயிலில் நின்றால் போதும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நடப்பது கர்ப்பிணிக்கு நல்லது, அதில் ஐயமில்லை. ஆனால் சூரியன் தாழ்வாக இருக்கும்போது யுவிபி கதிர் மிகக் குறைவாகவே தரைக்கு வந்துசேரும். சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதே ஏறத்தாழ ஏழு மணிக்கு. செம்பவாங் பூங்காக் கடற்கரையில் ஏழரை மணிக்கு நடப்பவருக்கு நல்ல காற்று கிடைக்கும். வைட்டமின் டி அதிகம் கிடைக்காது. அதற்காக நண்பகல் வெயிலில் நீண்ட நேரம் நிற்கச் சொல்லவும் முடியாது. கர்ப்பிணிகளுக்கு உடல் சூடும் நீரிழப்பும் எளிதில் ஏற்படும். முகத்தில் கருந்திட்டுகளும் கூடக்கூடும்.

உள்ளூர் ஆய்வு சொன்னது

சிங்கப்பூரில் இதற்கு நம்பகமான தரவு உண்டு. ‘கஸ்டோ’ என்று அழைக்கப்படும் நீண்டகால ஆய்வில், 2009ஆம் ஆண்டிலிருந்து கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்தவரும் அதில் இருந்தனர். அவர்களில் ஏறக்குறைய 900 பேரின் வைட்டமின் டி அளவு கர்ப்பத்தின் நடுப்பகுதியில் அளக்கப்பட்டது.

லிட்டருக்கு 50 நானோமோலுக்கும் கீழே இருந்தவர்கள் 13.2 விழுக்காட்டினர். 50க்கும் 75க்கும் இடையில் இருந்தவர்கள் 26.5 விழுக்காட்டினர். சீனப் பெண்களைவிட மலாய், இந்தியப் பெண்களிடம் அளவு குறைவாக இருந்தது.

இந்த இரு எண்களையும் கூட்டினால் ‘பத்தில் நான்கு கர்ப்பிணிகளுக்குக் குறைபாடு’ என்று ஒரு தலைப்புச் செய்தி எழுதிவிடலாம். ஆனால், 75 என்ற கோட்டை எல்லா நிபுணர்களும் ஏற்பதில்லை. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2010ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட அறிக்கை, 50 இருந்தாலே கிட்டத்தட்ட எல்லாருடைய எலும்பு நலத்துக்கும் போதும் என்றது. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர்களின் சங்கம் 2011ல் 75 வேண்டும் என்று கூறியது. 2024ல் தன் வழிகாட்டியைப் புதுப்பித்தபோது அந்த இலக்கை அதுவே கைவிட்டது. ஆக, 50 என்ற கோட்டை வைத்துப் பார்த்தால் பத்தில் நால்வர் என்பது எட்டில் ஒருவர் என்று சுருங்கிவிடுகிறது.

எட்டில் ஒருவர் என்பதும் அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணிக்கையன்று. இருப்பினும், மருத்துவ அறிக்கையில் ‘போதாது’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு கலங்கும் பெண், அந்தச் சொல் எந்தக் கோட்டை வைத்து எழுதப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை குறையும். அதே ஆய்வில் தாயின் வைட்டமின் டி அளவுக்கும் குழந்தையின் பிறப்பு எடைக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

வெயில் மிகுந்த தென்னிந்தியாவிலும் நிலைமை இதுதான். சொல்லப்போனால் இதைவிட மோசம். மைசூரில் கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2009ல் வெளியான ஆய்வில் 66 விழுக்காட்டினரின் அளவு 50க்கும் கீழே இருந்தது. அங்கும் கர்ப்பகால நீரிழிவுடனோ குழந்தையின் உடல் அளவுடனோ தொடர்பு காணப்படவில்லை.

2024ல் வந்த இரு பதில்கள்

2024 ஜூன் மாதம் மேற்சொன்ன அமெரிக்கச் சங்கம் புதிய வழிகாட்டியை வெளியிட்டது. கர்ப்பிணிகள் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்று அது பரிந்துரைத்தது. பிரீஎக்ளாம்ப்சியா எனும் கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோய், குறைப்பிரசவம், கருவிலேயே குழந்தை இறப்பது போன்ற ஆபத்துகள் குறைய வாய்ப்புண்டு என்பது அதன் காரணம்.

அடுத்த மாதமே ‘காக்ரேன்’ ஆய்வு அமைப்பின் மறுஆய்வு வந்தது. உலகெங்கும் நடக்கும் மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு அது. 2019ல் இதே தலைப்பில் அது வெளியிட்ட மறுஆய்வு, வைட்டமின் டி பிரீஎக்ளாம்ப்சியாவையும் கர்ப்பகால நீரிழிவையும் குறைக்கக்கூடும் என்றிருந்தது. பல மருத்துவர்கள் அதை மேற்கோள் காட்டிவந்தனர். 2024ல் அவ்வமைப்பு, சோதனைகளின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்கும் கடுமையான சல்லடையைப் பயன்படுத்தியது. முன்பு சேர்த்திருந்த 21 சோதனைகள் அதில் தேறவில்லை. புதிதாக ஒன்று சேர்ந்தது. மிஞ்சியவை 10. அவற்றை வைத்துப் பார்த்தபோது, பிரீஎக்ளாம்ப்சியா, நீரிழிவு, குறைப்பிரசவம் மூன்றிலும் பலன் உண்டா என்பது ‘மிகவும் உறுதியற்றது’ என்ற முடிவுக்கு வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று விளங்கும். ஆதாரம் வலுவானது என்று இரு தரப்புமே சொல்லவில்லை. அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரையும் ‘குறைந்த உறுதிப்பாடு’ என்ற குறிப்புடன்தான் வந்தது. ஆதாரம் வலுவில்லாதபோது என்ன செய்வது என்பதில்தான் வேறுபாடு. ‘தீங்கு குறைவு, நன்மை இருக்கக்கூடும், எனவே கொடுக்கலாம்’ என்கிறது ஒன்று. ‘நன்மை உறுதியாகவில்லை என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்’ என்கிறது மற்றொன்று.

உலக நாடுகளும் இப்படித்தான் பிரிந்து நிற்கின்றன. இரும்புச் சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தினமும் கொடுக்கச் சொல்லும் உலகச் சுகாதார நிறுவனம், வைட்டமின் டியை எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை. குறைபாடு இருக்கலாம் என்று கருதப்படுவோருக்கு நாளுக்கு 200 அலகு என்கிறது. பிரிட்டன், எல்லாக் கர்ப்பிணிகளும் நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 அலகு எடுக்கும்படி அறிவுறுத்துகிறது. அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அளவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையும் நாளுக்கு 600 அலகு.

200, 400, 600 என எண்கள் மாறினாலும், அன்றாடத் தேவைக்கென்று சொல்லப்படும் இவை எதுவும் ஆயிரத்தைத் தொடவில்லை.

உறுதியாகத் தெரிந்தவை

கருவிலுள்ள குழந்தை தனக்கு வேண்டிய வைட்டமின் டி முழுவதையும் தாயிடமிருந்தே பெறுகிறது. தாய்க்குக் கடுமையான குறைபாடு இருந்தால், பிறந்த குழந்தையின் ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வரலாம். பின்னர் எலும்பு வளையும் ‘ரிக்கெட்ஸ்’ நோயும் தலைகாட்டலாம். இவை தடுக்கக்கூடியவை. வைட்டமின் டி பற்றிய மற்ற வாக்குறுதிகள் ஆட்டம் கண்டாலும் இந்தக் காரணம் மாறவில்லை.

எலும்பு விஷயத்தில் சற்று நம்பிக்கையூட்டும் தரவும் உண்டு. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த ‘மேவிடோஸ்’ சோதனையில், நாளுக்கு 1,000 அலகு எடுத்துக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறந்தபோது எலும்பில் ஒட்டுமொத்த வேறுபாடு இல்லை. குளிர்காலத்தில் பிறந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. ஆனால் அக்குழந்தைகளை ஆறு, ஏழு வயதில் மீண்டும் சோதித்தபோது எலும்பு அடர்த்தி சற்றுக் கூடுதலாக இருந்தது. அதில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். குளிர்காலமே இல்லாத சிங்கப்பூரின் தமிழ்ப் பெண்ணுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

மறுபுறம், பங்ளாதேஷின் டாக்காவில் 1,300 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2018ல் வெளியான சோதனை நமக்கு நெருக்கமானது. தெற்காசியப் பெண்கள், வெயில் நாடு, பரவலான குறைபாடு. வாரத்துக்கு 28,000 அலகு வரை கொடுத்துப் பார்த்தார்கள். தாயின் ரத்தத்தில் அளவு உயர்ந்தது; ஆனால், ஓராண்டில் குழந்தையின் வளர்ச்சியில் மாற்றமில்லை. ரத்தப் பரிசோதனையில் எண் உயர்வது வேறு, குழந்தைக்குப் பலன் கிடைப்பது வேறு என்பதை அது உணர்த்தியது.

சிங்கப்பூர், பிரிட்டன், நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளில் 1,700க்கும் மேற்பட்ட பெண்களுடன் நடந்த ‘நிப்பர்’ சோதனையும் கவனத்துக்குரியது. கருத்தரிக்கத் திட்டமிட்ட பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஃபோலேட், பி12, வைட்டமின் டி போன்றவற்றில் ஒன்றாவது குறைவாக இருந்ததாக 2023ல் வெளியான அதன் முடிவுகள் கூறின. அச்சோதனையில் தரப்பட்ட கலவையில் இருந்த வைட்டமின் டி நாளுக்கு 400 அலகுதான். அந்தச் சிறிய அளவே குறைபாட்டைக் குறைக்கப் போதுமானதாக இருந்தது.

60,000 அலகு: கவனம் தேவை

குழப்பத்தின் பெரும்பகுதி அலகில் இருக்கிறது. மாத்திரை டப்பாக்களில் சிலவற்றில் ‘ஐயு’ எனும் அனைத்துலக அலகும், சிலவற்றில் மைக்ரோகிராமும் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மைக்ரோகிராம் என்பது 40 அலகு. ரத்தப் பரிசோதனையிலும் இதே சிக்கல் உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று தருவார்கள், அதை 2.5ஆல் பெருக்கினால் நானோமோல் கணக்கு வரும். சென்னையில் எடுத்த பரிசோதனையில் 20 என்று இருந்தால், அது 50க்குச் சமம். எண்ணை மட்டும் பார்த்து ‘20தானா!’ என்று பதற வேண்டியதில்லை.

இந்தியாவில் 60,000 அலகு கொண்ட பொடிப் பொட்டலங்களும் மாத்திரைகளும் பரவலாகக் கிடைக்கின்றன. குறைபாடு உறுதியானவர்களுக்கு, சில வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை என்று மருத்துவர்கள் எழுதித்தருவது அது. வாரம் ஒன்று என்றாலே நாளுக்கு ஏறத்தாழ 8,570 அலகு ஆகிறது. மருத்துவக் கண்காணிப்பின்றி எடுப்பதற்கு அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த உச்சவரம்பு, கர்ப்பிணிக்கும் சேர்த்து, நாளுக்கு 4,000 அலகு. ‘வாரம் ஒன்று’ என்பதை ‘நாளுக்கு ஒன்று’ என்று தவறாகப் புரிந்துகொண்டால் அந்த வரம்பைப்போல் 15 மடங்கு உள்ளே போகும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மிகையானது சிறுநீரில் எளிதாக வெளியேறிவிடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, கடும் தாகம், சிறுநீரகப் பாதிப்பு என்று போகலாம். வாந்தியும் களைப்பும் கர்ப்பகாலத்தில் இயல்பு என்பதால் அறிகுறி கண்டுகொள்ளப்படாமலும் போகும்.

நம் குடும்பங்களில் இந்த ஆபத்துக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வதோ, தாய் இங்கு வந்து தங்குவதோ வழக்கம். ஒரே கர்ப்பத்தை இரு நாட்டு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இங்குள்ளவர் எழுதித்தந்தது அங்குள்ளவருக்குத் தெரியாது. அங்கு வாங்கியதை இங்கு சொல்வதில்லை. கர்ப்பகாலப் பல்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, தாய்மார்களுக்கான பால்மாவு, ஊரிலிருந்து வந்த பொட்டலம் என நான்கு வழியில் ஒரே சத்து உள்ளே போகிறது. யாரும் தவறு செய்யவில்லை. யாரும் கூட்டிப் பார்க்கவும் இல்லை.

எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை தேவையா என்ற கேள்விக்கு 2024ஆம் ஆண்டு வழிகாட்டி ‘வேண்டாம்’ என்றே சொல்கிறது. கருநிறத் தோல் என்பதை மட்டும் காரணமாக வைத்தும் சோதிக்க வேண்டியதில்லை என்கிறது. வலிப்பு மருந்து உட்கொள்வோர், குடல் அல்லது உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், எலும்பு வலி, தசைத் தளர்ச்சி உள்ளோர் போன்றவர்களின் நிலை வேறு. அவர்களுக்குச் சோதனையும் கூடுதல் அளவும் தேவைப்படலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

உணவும் நம்பிக்கையும்

உணவு மட்டுமே போதுமா என்றால், கடினம். மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்புள்ள மீன்களில் வைட்டமின் டி உண்டு. நம் வீடுகளில் பழகிய டின் சார்டினிலும் உண்டு. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 40 அலகுதான். கீரை, பருப்பு, தயிர், முருங்கை எல்லாம் சிறந்த உணவு. ஆனால் வைட்டமின் டிக்கு அவற்றை நம்ப முடியாது. முழுச் சைவ உணவு உண்பவருக்கு மாத்திரையின் தேவை கூடுதல். காட் லிவர் எண்ணெயைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள மிகையான வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கக்கூடும்.

மாத்திரை எதிலிருந்து செய்யப்பட்டது என்பதும் பலருக்கு முக்கியம். டி3 வகை பெரும்பாலும் ஆட்டு ரோமத்திலுள்ள கொழுப்பிலிருந்தும், டி2 வகை ஈஸ்ட் அல்லது காளானிலிருந்தும் எடுக்கப்படுகிறது. மாத்திரையின் மேலுறை ஜெலட்டினாக இருக்கலாம். சைவர்களும் ஹலால் பார்ப்போரும் மருந்தாளரிடம் கேட்டால் மாற்று கிடைக்கும். சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை அலமாரியிலேயே வைத்துவிடுவதைவிடக் கேட்டுவிடுவது மேல்.

குழந்தை பிறந்த பிறகும் கணக்கு தொடர்கிறது. தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு நாளுக்கு 400 அலகு சொட்டு மருந்து என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. மருந்துடன் வரும் சொட்டுக்குழாயை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வேறு குழாயால் அளவு மிகுந்துபோகும் ஆபத்து பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010ல் எச்சரித்தது.

செய்யக்கூடியது என்ன?

வைட்டமின் டியைக் கர்ப்பகாலச் சிக்கல்களைத் தீர்க்கும் மருந்தாகப் பார்ப்பதற்கு இன்று ஆதாரம் போதாது. ரத்த அழுத்த ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிக்கு மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தால், அதன் இடத்தை வைட்டமின் டி நிரப்பாது. நீரிழிவுப் பரிசோதனையைத் தவறவிட்டால், அதையும் ஈடுசெய்யாது. அதே வேளையில், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் நாளைக் கழிக்கும் இந்தியக் கர்ப்பிணிக்கு நாளுக்கு 400 முதல் 600 அலகு என்பது செலவும் ஆபத்தும் குறைந்த ஒரு பாதுகாப்பு. பெரும்பாலும் அது ஏற்கெனவே உட்கொள்ளும் கர்ப்பகால மாத்திரையிலேயே இருக்கும்.

ஆகவே அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது, அது செம்பவாங்கின் புக்கிட் கன்பெரா பலதுறை மருந்தகமானாலும் கேகே மருத்துவமனையானாலும், வீட்டிலுள்ள எல்லா டப்பாக்களையும், ஊரிலிருந்து வந்தவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். ‘இவை எல்லாவற்றிலும் சேர்த்து எனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வைட்டமின் டி போகிறது?’ என்று கேளுங்கள். மாமியாரோ தாயோ உடன் வந்தால் இன்னும் நல்லது. மருந்து கொடுக்கும் கை பெரும்பாலும் அவர்களுடையது.

மருந்தகங்களும் தங்கள் பங்கைச் செய்யலாம். பிரிட்டனில் குறைந்த வருமானக் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி அடங்கிய மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது. இங்கு முதல் பரிசோதனையிலேயே ‘வெளிநாட்டிலிருந்து ஏதேனும் சத்து மாத்திரை வாங்கி உட்கொள்கிறீர்களா?’ என்ற ஒரு கேள்வியைத் தமிழிலும் கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை. குறைவாலும் மிகையாலும் வரும் இரு தீங்குகளையும் அந்த ஒரு கேள்வியே முன்கூட்டிக் கண்டுபிடித்துவிடும்.